பாய்மரப் பயிற்சியின் பன்னாட்டுச் சங்கம்: வழியனுப்பும் பந்தயம் நிலையான அமைப்பானது எப்படி?

நெய்தலன் எழுதியது:

1956 ஜூலையில் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள டார்பே விரிகுடாவிலிருந்து போர்ச்சுகலின் லிஸ்பன் துறைமுகத்தை நோக்கி 20 பாய்மரக் கப்பல்கள் பந்தயமாகப் புறப்பட்டன. இன்று ‘செயில் டிரெய்னிங் இன்டர்நேஷனல்’ என்ற பெயரில் இயங்கும் பன்னாட்டுச் சங்கத்தின் வேர் அந்தப் பந்தயத்தில்தான் இருக்கிறது. கடல் பயிற்சி என்றாலே சான்றிதழ், தேர்வு, வேலை என்ற மூன்றோடு தமிழில் நம் பேச்சு முடிந்துவிடுவதால், இந்தச் சங்கத்தின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் இங்கே விரிவாகப் பேச விரும்புகிறேன்.

லண்டன் வழக்கறிஞர் பெர்னார்ட் மார்கன் என்பவருடைய எண்ணத்தில் உதித்தது அந்தப் பந்தயம். நீராவியும் டீசலும் கடலை முழுவதுமாக எடுத்துக்கொண்ட பிறகு, பல நாடுகளில் பயிற்சிக்காக மட்டும் எஞ்சியிருந்த பெரிய பாய்மரக் கப்பல்களை ஒருமுறையாவது ஒன்றுசேர்த்து ஓடவிட வேண்டும், அவற்றில் பயிலும் இளைஞர்கள் ஒருவரையொருவர் அறிய வேண்டும் என்று அவர் விரும்பினார். லண்டனில் போர்ச்சுகலின் தூதராக இருந்த பெத்ரோ தியோத்தோனியோ பெரேய்ரா அந்த எண்ணத்துக்குத் துணை நின்றார். மவுண்ட்பேட்டன் பிரபுவின் ஆதரவும் கிடைத்தது. பந்தயத்தை நடத்துவதற்கென்று ஒரு குழு அமைந்தது. நார்வேயின் ‘கிறிஸ்டியன் ராடிச்’, பெல்ஜியத்தின் ‘மெர்காடோர்’, டென்மார்க்கின் ‘கேயோர்க் ஸ்டாகே’ போன்ற கப்பல்கள் வந்தன. மறையப்போகும் ஒரு காலத்துக்குச் செய்யும் கடைசி மரியாதை என்றே பலரும் அதைக் கருதினார்கள்.

ஆனால் கூடிய கூட்டமும் மாணவர்களின் உற்சாகமும் அமைப்பாளர்களைக் கலையவிடவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பந்தயம் என்றானது; குழு சங்கமாயிற்று; பின்னாளில் பந்தயம் ஆண்டுதோறும் நடக்கும் நிகழ்வாயிற்று. இந்த வளர்ச்சிக்கு ஒரு விதிதான் அடிப்படை என்பது என் உறுதியான கருத்து. பந்தயத்தில் கலந்துகொள்ளும் எந்தக் கப்பலிலும் பணியாளர்களில் குறைந்தது பாதிப் பேர் 15 முதல் 25 வயதுக்குட்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்பதே அந்த விதி. பழைய கப்பல்களைக் காப்பதை மட்டும் இலக்காக வைத்திருந்தால் இது ஓர் அருங்காட்சியகச் சங்கமாகச் சுருங்கியிருக்கும். இளைஞர்களை இலக்காக வைத்ததால், புதிய கப்பல்களைக் கட்டுவதற்கும் நாடுகளுக்குக் காரணம் கிடைத்தது. மற்றவர்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?


சுக்கானி எழுதியது:

நெய்தலன் சொன்ன விதியின் மதிப்பை ஏற்கிறேன். ஆயினும் சங்கத்தின் முதல் இரண்டு ஆண்டுகளில் நடந்த இரு விபத்துகளைச் சொல்லாமல் அதன் தோற்றத்தைப் பேச முடியாது.

1956 பந்தயத்தில் முதற்பரிசு பெற்றது சவுத்தாம்ப்டன் கடற்பயணப் பள்ளியின் ‘மொயானா’ என்ற சிறிய கப்பல். லிஸ்பனில் பரிசு பெற்றுத் திரும்பும் வழியில், இங்கிலாந்தின் லிசார்ட் முனைக்கு அப்பால் கடும் புயலில் சிக்கி அது மூழ்கியது. ‘கிளான் மெக்லீன்’ என்ற சரக்குக் கப்பல் நெருங்கி வந்து அதிலிருந்த அனைவரையும் காப்பாற்றியது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அடுத்த ஆண்டு நடந்தது அப்படிப்பட்டதன்று. ஜெர்மனியின் ‘பாமிர்’ 1905-இல் கட்டப்பட்ட நான்கு பாய்மரங்கள் கொண்ட பெரிய கப்பல். பயிற்சி மாணவர்களையும் சரக்கையும் சேர்த்தே ஏற்றிச் சென்றது. அர்ஜென்டினாவிலிருந்து ஹாம்பர்க் நோக்கிப் பார்லி தானியத்தோடு வந்துகொண்டிருந்தபோது, 1957 செப்டம்பர் 21 அன்று அசோர்ஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே ‘கேரி’ சூறாவளியில் கவிழ்ந்தது. கப்பலில் இருந்த 86 பேரில் 6 பேர் மட்டுமே உயிர் பிழைத்தனர். மாண்டவர்களில் பெரும்பாலோர் பயிற்சி மாணவர்கள். தானியம் மூட்டை கட்டப்படாமல் உதிரியாகக் கொட்டப்பட்டிருந்தது. காற்றின் வேகத்தில் கப்பல் ஒருபுறம் சாய்ந்ததும் தானியமும் அந்தப் பக்கம் சரிந்தது; அதன் பிறகு கப்பலால் நிமிர இயலவில்லை. சரக்குக் கப்பலில் வேலை பார்த்த எவருக்கும் இதைப் படிக்கும்போது வயிறு கலங்கும். உதிரித் தானியம் எப்போது வேண்டுமானாலும் நகரும் என்பதை எங்களுக்கு முதல் பாடங்களிலேயே சொல்லிக்கொடுத்தார்கள்.

பாமிரின் இழப்புக்குப் பிறகு, பாய்மரக் கப்பலில் மாணவர்களை அனுப்புவதை ஜெர்மனி விட்டுவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். சரக்கேற்றும் பாய்மரப் பயிற்சி அத்தோடு நின்றது உண்மை. ஆனால் மேற்கு ஜெர்மன் கடற்படைக்காக ஹாம்பர்க்கின் புளோம் உண்ட் ஃபோஸ் கப்பல் கட்டும் தளத்தில் அப்போதே உருவாகிக்கொண்டிருந்த ‘கோர்ச் ஃபாக்’ கைவிடப்படவில்லை. கப்பல் எளிதில் நிமிரும்படி வடிவமைப்பைத் திருத்தி 1958-இல் நீரில் இறக்கினார்கள். 1932-இல் ஜெர்மன் கடற்படையின் பயிற்சிக் கப்பல் ‘நியோபே’ கவிழ்ந்து 69 பேர் இறந்தபோதும் இதேதான் நடந்தது: மறு ஆண்டே அதே தளத்தில் முதல் ‘கோர்ச் ஃபாக்’ கட்டப்பட்டது. அக்காலத்துப் பன்னாட்டுச் சங்கத்தின் உறுப்பினர்கள் இப்படிப்பட்ட நாடுகளே. துக்கத்துக்குப் பிறகும் தொடர்வதா என்ற கேள்விக்கு அவர்கள் தெரிந்தே விடை சொன்னவர்கள்.


மரக்கலம் எழுதியது:

அருமையான இழை. எனக்கு ஓர் ஐயம். சிறிய ‘மொயானா’ எப்படிப் பெரிய கப்பல்களை முந்தியது? அவற்றின் பாய்ப்பரப்பு பல மடங்கு பெரிதல்லவா?


நெய்தலன் எழுதியது:

நண்பர் மரக்கலத்துக்கு: முதலில் இலக்கை அடைந்த கப்பலே வென்றதாகாது. ஒவ்வொரு கப்பலின் நீளம், பாயமைப்பு போன்றவற்றைக் கொண்டு அதற்கொரு கணக்கு எண் தருகிறார்கள். ஓடிய நேரத்தை அந்த எண்ணால் திருத்திய பிறகே வரிசை முடிவாகும். கப்பல்களை வகுப்புகளாகவும் பிரிக்கிறார்கள். குறுக்குப் பாய் கட்டிய பெருங்கப்பல்களும் 40 மீட்டருக்கு மேற்பட்ட மற்றவையும் முதல் வகுப்பு; அதற்குக் கீழே மரபுவழிப் பாயமைப்புக் கொண்டவை, புதுமுறைப் பாயமைப்புக் கொண்டவை என்று மற்ற வகுப்புகள். நீர்மட்ட நீளம் 9.14 மீட்டர் இருந்தால் போதும், சிறு படகும் கலந்துகொள்ளலாம். இதனால் பெருங்கப்பல் வைத்திருக்கும் கடற்படைகளோடு ஒரு சிற்றூரின் இளைஞர் மன்றமும் ஒரே பந்தயத்தில் நிற்க முடிகிறது. சங்கம் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் சேர்க்கிறேன். வழக்கமாக இரண்டு பந்தயக் கட்டங்களுக்கு இடையே பந்தயமில்லாத ஒரு கட்டம் உண்டு. அப்போது கப்பல்கள் கூட்டாகப் பயணம் செய்கின்றன. மாணவர்கள் தங்கள் கப்பலை விட்டு வேறு நாட்டுக் கப்பலில் ஏறிக்கொள்கிறார்கள். நார்வேப் பையன் போலந்துக் கப்பலில் உருளைக்கிழங்கு உரிக்கிறான்; போலந்துப் பெண் போர்ச்சுகல் கப்பலில் சுக்கான் பிடிக்கிறாள். பரிசுகளில் மிக உயர்ந்ததாகக் கருதப்படுவதும் வேகத்துக்கான பரிசன்று. நாடுகளுக்கிடையே நட்பையும் புரிதலையும் வளர்ப்பதில் எந்தக் கப்பல் அதிகம் செய்தது என்று கேப்டன்களும் பணியாளர்களும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கப்பலுக்கே அந்த நட்புக் கோப்பை போகிறது.


கடற்காகம் எழுதியது:

இச்சங்கம் உலக அளவில் பொருள் பெற்றது 1970-களில்தான் என்பேன். 1972-இல் போலந்தின் ‘தார் பொமோர்ஸா’ கலந்துகொண்டு பெருங்கப்பல்களின் வகுப்பில் வென்றது. 1974-இல் கோபன்ஹேகனிலிருந்து போலந்தின் கிதினியா துறைமுகம் வரை நடந்த பந்தயத்தில் சோவியத் ஒன்றியம் ‘குருசென்ஷ்டெர்ன்’, ‘தவாரிஷ்’ என்ற இரு பெருங்கப்பல்களை முதன்முறையாக அனுப்பியது. பனிப்போர்க் காலத்தில் ஐரோப்பாவின் இரு பக்கங்களையும் சேர்ந்த பதினெட்டு, பத்தொன்பது வயதினர் ஒரே துறைமுகச் சுவரில் கயிறு கட்டி நின்றார்கள்.

அந்தக் கப்பல்களின் பிறப்பைப் பார்த்தால் இது இன்னும் வியப்பளிக்கும். ‘குருசென்ஷ்டெர்ன்’ 1926-இல் ஜெர்மனியில் ‘பாதுவா’ என்ற பெயரில் பிறந்தது; பாமிர் இருந்த அதே ஹாம்பர்க் நிறுவனத்தின் கப்பல். ‘தவாரிஷ்’ என்பது சுக்கானி குறிப்பிட்ட முதல் ‘கோர்ச் ஃபாக்’தான். அதன் உடன்பிறப்பான ‘ஹோர்ஸ்ட் வெசல்’ இன்று அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ‘ஈகிள்’. இன்னோர் உடன்பிறப்பு பிரேசில் வழியாகச் சென்று போர்ச்சுகலின் ‘சாக்ரெஸ்’ ஆயிற்று. இரண்டாம் உலகப் போரில் தோற்ற நாட்டிடமிருந்து வென்றவர்கள் எடுத்துக்கொண்ட கப்பல்கள் இவை. அவை அடுத்த தலைமுறையின் கையில், அதே ஜெர்மனியின் புதுக் கப்பலோடு ஒரே கோட்டிலிருந்து புறப்பட்டன. போரில் ஒருவரையொருவர் கொன்றவர்களின் பிள்ளைகள் அவற்றின் பாய்களை இழுத்தார்கள். சங்கத்தின் எழுபதாண்டு வரலாற்றில் இதைவிடப் பெரிய சாதனையை நான் காணவில்லை.

அதனால்தான் அண்மைக் கால நிகழ்வுகள் எனக்கு மிகுந்த வருத்தம் தருகின்றன. ரஷ்யா 2014-இல் உக்ரைனிடமிருந்து பறித்துக்கொண்ட கிரைமியாவின் மாணவர்கள் இருந்தார்கள் என்பதற்காக 2019-இல் ரஷ்யாவின் ‘செதோவ்’ கப்பலுக்குப் போலந்தும் எஸ்டோனியாவும் அனுமதி மறுத்தன. 2022-இல் உக்ரைன் மீதான படையெடுப்பைத் தொடர்ந்து ஐரோப்பிய ஒன்றியத் துறைமுகங்கள் ரஷ்யக் கப்பல்களுக்கு மூடப்பட்டன. சங்கத்தின் பந்தயங்களிலும் அவற்றுக்கு இடமில்லாமல் போயிற்று. பனிப்போரில் திறந்திருந்த கதவு இப்போது மூடியிருக்கிறது. பயிற்சி மாணவனை அவனுடைய அரசின் செயலுக்குப் பொறுப்பாக்குவது சரியா என்று கேட்கிறேன்.


சுக்கானி எழுதியது:

கடற்காகம் எழுப்பிய கேள்வியை மதிக்கிறேன். ஆனால் இரண்டு நிலைகளும் ஒன்றல்ல. 1974-இல் சோவியத் கப்பல் வந்தபோது, அதை வரவேற்ற துறைமுகம் எதன் மீதும் அந்நாடு குண்டு வீசிக்கொண்டிருக்கவில்லை. 2022-இல் ரஷ்யா தாக்கிய ஒடெசாவும் மரியுபோலும் உக்ரைனின் துறைமுக நகரங்கள். அங்கேயும் கடல் மாணவர்கள் இருந்தார்கள். துறைமுகத்தைத் திறப்பதும் மூடுவதும் அரசுகளின் கையில் இருக்கும்போது, துறைமுகங்களை நம்பியே வாழும் ஒரு சங்கம் வேறு முடிவு எடுத்திருக்க முடியாது. மாணவன் மேல் பழியில்லை என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்தக் கப்பல் கொடியேற்றி வருகிறது. கரையில் நிற்பவர்களுக்கு முதலில் தெரிவது கொடிதான்.


பாக்குநீரிணை எழுதியது:

நான் சற்று மாறுபட்டுப் பேச வேண்டியிருக்கிறது. இந்தச் சங்கத்தின் வரலாறு அழகானது. ஆனால் கடல் தொழிலுக்கு வரும் இளைஞனுக்கு இதனால் என்ன பயன்? தளத்தில் காவல் பார்க்கும் அதிகாரியின் சான்றிதழுக்கு, கடலோடிகளின் பயிற்சித் தரம் குறித்த 1978-ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கை, அதாவது எஸ்.டி.சி.டபிள்யூ., ஏற்பளிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தில் பயில்பவரிடம் 12 மாதக் கடற்பணியைக் கேட்கிறது. அதில் பாய்மரப் பயிற்சிக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. இந்தியாவில் 1927-இல் பம்பாயில் தொடங்கிய ‘டஃபரின்’ பயிற்சிக் கப்பல் நங்கூரமிட்டு நின்ற ஒரு நீராவிக் கப்பல். அதன் வழிவந்த ‘ராஜேந்திரா’வுக்குப் பிறகு பயிற்சி கரைக்கே வந்துவிட்டது. அந்த வழியில் பயின்றவர்கள் உலகின் எல்லாக் கப்பல்களிலும் கேப்டன்களாக இருக்கிறார்கள். அவர்களில் யாரும் பாய்மரத்தில் ஏறாததால் குறைந்துபோகவில்லை.

மேலும், பாயைப் பற்றி நமக்கு ஐரோப்பா சொல்லித்தர வேண்டியதில்லை. தூத்துக்குடித் தோணிகள் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்துச் சரக்கு ஏற்றிச் சென்றவை. அங்கே தோணியின் தலைவரான தண்டலின் கீழ் பையன்கள் சமையலில் தொடங்கி, கயிறு, பாய், சுக்கான் என்று படிப்படியாகக் கற்றார்கள். அந்தப் பயிற்சிக்குச் சங்கமும் இல்லை, கோப்பையும் இல்லை. அவர்கள் காற்றைப் படித்தது பிழைப்புக்காக. பந்தயக் கப்பலில் கட்டணம் செலுத்தி ஏறும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் அனுபவத்தையும் அதையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை.


சுக்கானி எழுதியது:

பாக்குநீரிணை அவர்களின் கேள்வி நியாயமானது. தோணிகளைப் பற்றிச் சொன்னதை முழு மனத்தோடு ஏற்கிறேன். அந்த அறிவை யாரும் முறையாகப் பதிவு செய்து ஒரு பயிற்சியாக மாற்றவில்லையே என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ஆனால் தொழிலுக்குப் பயனில்லை என்பதை ஏற்க இயலாது. போலந்தில் கிதினியா கடல்சார் பல்கலைக்கழகம் வணிகக் கப்பல் மாணவர்களை 1982 முதல் ‘தார் மொவோஜியெஜி’ பாய்மரக் கப்பலில் ஏற்றுகிறது. ஜப்பானில் ‘நிப்பான் மாரு’, ‘கைவோ மாரு’ என்ற இரு பெரும் பாய்மரக் கப்பல்கள் வணிகக் கப்பல் மாணவர்களுக்காகவே ஓடுகின்றன. உலகின் பெரும் கப்பல் தொழில் நாடுகளில் ஒன்றான ஜப்பான் பழைமைப் பற்றினால் மட்டும் அந்தச் செலவைச் செய்கிறது என்று நான் நினைக்கவில்லை.

என்ன கற்கிறார்கள் என்பதை ஒரு வேலையைக் கொண்டு சொல்கிறேன். பாய்மரத்தின் உயரத்தில் பாயைத் தாங்கும் மேற்குறுக்குக் கட்டையில் பாயைச் சுருட்டுவதற்குப் பத்துப் பேர் ஏற வேண்டும். கட்டைக்குக் கீழே தொங்கும் ஒற்றைக் கயிற்றில்தான் பாதங்கள் நிற்கும். வயிறு கட்டையின் மேல் அழுந்தியிருக்கும். இரு கைகளும் பாயில் இருக்கும். புதிதாக ஒருவர் அந்தக் கயிற்றில் கால் வைத்தால் ஏற்கெனவே நிற்பவரின் காலடியில் கயிறு எழும்பும். ஆகவே கால் வைப்பதற்கு முன் குரல் கொடுத்துச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவர் பதில் சொன்ன பிறகே காலெடுக்க வேண்டும். நனைந்த பாய் பலகைபோல் விறைத்திருக்கும்; ஒருவர் தனியாக இழுத்தால் நகராது, எல்லாரும் ஒரே குரலுக்கு இழுத்தால்தான் மடியும். கப்பலைச் செலுத்தும் மேடையான பிரிட்ஜில் சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தும் பழக்கத்தை நாங்கள் வகுப்பறையில் படித்தோம். அது உடம்பில் பதிவதற்கு எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அந்த மாணவனுக்கு அது முதல் வாரத்திலேயே பதிந்துவிடும்.

ஆபத்து இல்லையென்று சொல்லவில்லை. 1984 ஜூன் 3 அன்று பெர்முடாவிலிருந்து ஹாலிஃபாக்ஸ் செல்லும் பந்தயக் கட்டத்தில், ‘மார்க்கெஸ்’ என்ற பழைய கப்பல் விடியற்காலைச் சூறைக்காற்றில் கவிழ்ந்து ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் மூழ்கியது. 28 பேரில் 19 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பெரும்பாலோரைத் தூக்கியெடுத்தது அதே பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்த போலந்துச் சாரணர் கப்பலான ‘ஜாவிஷா சார்னி’. அதுவரை நல்லெண்ணத்தையும் கேப்டனின் அனுபவத்தையும் நம்பியிருந்த துறையில், சாயும் கோணம், நிமிரும் திறன், தளத்துக் கதவுகளை எப்போது மூடுவது என்பவற்றுக்கு அளவிட்ட விதிகள் அதன் பிறகே பிரிட்டனில் வந்தன. 2010-இல் பிரேசிலுக்கு அப்பால் கனடாவின் பள்ளிக் கப்பல் ‘கன்கார்டியா’ கவிழ்ந்தபோது 64 பேரும் உயிர்காப்பு மிதவைகளில் ஏறிப் பிழைத்தார்கள். அவர்களுக்குத் தொடர்ந்து ஒத்திகை கொடுக்கப்பட்டிருந்தது.


நெய்தலன் எழுதியது:

அமைப்பின் வளர்ச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம் மீதமிருக்கிறது.

பந்தயம் நடத்திய பிரிட்டிஷ் சங்கம் தனக்கென்று கப்பல்களும் கட்டியது: 1966-இல் ‘சர் வின்ஸ்டன் சர்ச்சில்’, அதைத் தொடர்ந்து ‘மால்கம் மில்லர்’. இரண்டாவது கப்பலின் பின்னால் ஒரு தந்தையின் துயரம் இருக்கிறது. விபத்தில் இறந்த மகனின் நினைவாக, லண்டன் மேயராக இருந்த சர் ஜேம்ஸ் மில்லர் பொருளுதவி செய்தார். கப்பல் நடத்துவதும் பன்னாட்டுப் பந்தயம் நடத்துவதும் ஒரே கையில் இருந்தால் மற்ற நாடுகள் எவ்வளவு காலம் விருந்தினராகவே இருப்பார்கள்? பந்தயப் பணி முதலில் தனிப் பிரிவாயிற்று. பிறகு, 2000-களின் தொடக்கத்தில் ‘செயில் டிரெய்னிங் இன்டர்நேஷனல்’ தனி அறக்கட்டளையாக அமைந்தது. பல நாடுகளின் தேசியப் பயிற்சி அமைப்புகள் அதன் உறுப்பினர்கள். பிரிட்டிஷ் சங்கம் வேறு பெயரோடு தன் கப்பல்களையும் இளைஞர்களையும் பார்த்துக்கொண்டது. பிரிந்ததை நான் முழுக்க வரவேற்கிறேன். அதற்குப் பிறகே இதைப் பன்னாட்டுச் சங்கம் என்று முழுப் பொருளில் அழைக்க முடியும்.

பணம்? 1970-களின் தொடக்கத்திலிருந்து 2003 வரை ‘கட்டி சார்க்’ விஸ்கி நிறுவனம் செலவுகளுக்குத் துணை நின்றது. இளைஞர் நிகழ்வுக்கு மது நிறுவனத்தின் பெயர் பொருத்தமில்லை என்பதே என் எண்ணம். அதன் பிறகு ஆண்ட்வெர்ப் போன்ற துறைமுக நகரங்கள் முன்வந்தன. கப்பல்கள் வந்தால் மக்கள் திரள்கிறார்கள். அந்தத் திரளுக்காக நகரங்கள் போட்டியிடுகின்றன.

இந்தியத் தொடர்பும் உண்டு. கோவா கப்பல் தளத்தில் கட்டப்பட்டு 1997 நவம்பரில் கடற்படையில் சேர்ந்த ‘தரங்கிணி’, கொலின் மியூடி என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளரின் ஆக்கம். 2003–04-இல் உலகைச் சுற்றிவந்த அந்தக் கப்பல் ஐரோப்பியப் பந்தயங்களிலும் கலந்துகொண்டிருக்கிறது. 2018-இல் சண்டர்லாண்டில் கூடிய கப்பல்களில் அதுவும் ஒன்று. மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சமமாகப் பணியாற்றும்படி 1986-இல் பிரிட்டனில் ஓடத் தொடங்கிய ‘லார்ட் நெல்சன்’ கப்பலையும் வரைந்தவர் அவரே. சக்கர நாற்காலிக்கு மின்தூக்கி, பார்வையற்றவர் சுக்கான் பிடிக்கப் பேசும் திசைகாட்டி என்று அதில் எல்லாம் இருந்தன. அதை நடத்திய அறக்கட்டளை 2023-இல் பணமின்றி மூடப்பட்டது. பாக்குநீரிணை வசதியைப் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் மறுப்பில்லை. உதவித்தொகை இல்லாத பயிற்சி சிலருக்கே போய்ச் சேரும். உதவித்தொகை தரும் அமைப்புகள்தாம் முதலில் நொடிக்கின்றன.


மரக்கலம் எழுதியது:

என் தங்கை மகளுக்கு வயது 16. கடலில் ஆர்வம் மிகுதி. அவளைப் போன்றவர்கள் கலந்துகொள்ள வழி உண்டா?


நெய்தலன் எழுதியது:

உண்டு. சங்கம் நேரடியாகக் கப்பல் ஓட்டுவதில்லை என்பதால், பந்தயத்தில் பதிவு செய்திருக்கும் ஏதேனும் ஒரு கப்பலின் நிர்வாகத்திடம் இடம் கேட்க வேண்டும். முன் அனுபவம் தேவையில்லை. ‘தரங்கிணி’யும் அதன் தங்கைக் கப்பல் ‘சுதர்சினி’யும் கடற்படைக்கு உரியவை; அவற்றில் வெளியார் இப்படி இடம் கேட்க முடியாது. ஐரோப்பியக் கப்பல்களுக்குக் கட்டணமும் விசாவும் காப்பீடும் தேவைப்படும். 18 வயது நிறையாததால் பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதலும் கேட்பார்கள். முழுப் பயணத்துக்குப் பதில் ஒரு கட்டத்துக்கு மட்டும் இடம் கேட்டால் செலவு குறையும். கப்பல் மாறி ஏறும் கூட்டுப் பயணக் கட்டம் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உதவித்தொகை உண்டா என்பதை முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.